படத்தின் முதுகு

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து நான்கு மாட்டுவண்டிகள் தெற்கு நோக்கிக் கிளம்பின. வண்டிகளில் காமெரா, மெழுகேற்றிய தாள்கள், ரசாயனப் புட்டிகள், இன்னபிற தட்டுமுட்டுகள். கூடப் போனவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், சென்னை அரசாங்கத்தின் அதிகாரபூர்வ ஒளிப்படக்காரர். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றியவருக்குப் பெரிய கோயிலில் ஒரு சிக்கல் வந்தது. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு எந்தக் காமெராவுக்குள்ளும் ஒரே படமாக அடங்காது. அவர் சுவரை ஒட்டிக் காமெராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போய் 21 படங்கள் எடுத்தார். பிறகு அந்தப் பிரதிகளை ஓரம் சேர்த்து, துணியில் ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்குச் சுருட்டி வைக்கும்படி ஒரே படமாக ஆக்கினார்கள்.

கல்வெட்டுக்காரர்களுக்கு அதில் எழுத்து முக்கியம். ஒளிப்பட வரலாற்றுக்காரர்களுக்கு அது ஒரு அகலக் காட்சிச் சாதனை. எனக்குக் கண் போவது அந்தத் துணியின் மேல். துணி இல்லையென்றால் 21 துண்டுத்தாள்கள்தான் மிஞ்சியிருக்கும். சோழர் கல்வெட்டு அதற்குள் 21 இடத்தில் அறுந்து கிடந்திருக்கும். ஒட்டியதால்தான் அது படம் ஆனது.

ஒட்டும் வேலை பெங்களூருக்கு அதற்கு முன்பே பழக்கமானது. 1855இல் தூதுக்குழுவோடு பர்மா போய்த் திரும்பிய ட்ரைப், 120 படங்கள் கொண்ட தொகுப்பை 50 செட் தயாரிக்க இந்த ஊரில்தான் உட்கார்ந்தார். பெருக்கிப் பார்த்தால் 6000 தாள்கள். ஒவ்வொன்றையும் வெயிலில் பதித்து, கழுவி, உலர்த்தி, ஓரம் வெட்டி, கனத்த தாளில் ஒட்ட வேண்டும். ஒரு ராணுவ அதிகாரி தனியாகச் செய்கிற காரியம் இல்லை இது. பசைக் கிண்ணத்தோடு மாதக்கணக்கில் உட்கார்ந்த கைகள் பல. அட்டையில் ட்ரைப்பின் பெயர் இருக்கும், அவர்கள் பெயர் இருக்காது. ஒட்டுகிறவனுக்குப் பெயர் கிடையாது என்பது அன்று முதல் இன்று வரை இத்தொழிலில் மாறாத ஒரு சங்கதி.

அன்றைக்கு ஒட்டியது அழகுக்காக அல்ல, வேறு வழியில்லாமல். அந்தக் காலத்துப் படத்தாள்கள் மெல்லியவை. முட்டை வெண்கரு பூசிய தாளோ காய்ந்ததும் தானாகவே சுருண்டுவிடும். அட்டையில் ஒட்டாமல் கையில் பிடிக்கவே முடியாது. முடியாததையே ஸ்டூடியோக்கள் விளம்பரமாக மாற்றிக்கொண்டன. கெட்டி அட்டையின் கீழ்ப்பக்கத்தில் தங்க எழுத்தில் ஸ்டூடியோ பெயரும் ஊரும். முதுகில் கொடியும் பதக்கமும் ராஜ முத்திரையும். 1910இல் பெங்களூரில் தொடங்கிய ஜி.கே. வேல் வரை இந்த மரபுதான். தாத்தா முறைத்துக்கொண்டு நிற்கும் படத்தில் அட்டை இல்லையென்றால் பாதி கம்பீரம் போய்விடும்.

பிறகு கெட்டித்தாள் வந்தது. ஒட்டும் பழக்கம் போகவில்லை. மெழுகுத்தாள் மாதிரி இருக்கும் ஒரு மெல்லிய பசைத்தாளைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் வைத்துச் சூட்டில் அழுத்தினால் பசை உருகி இரண்டும் ஒன்றாகிவிடும். டிரை மவுண்டிங் என்று பெயர். அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸ் தன் பிரதிகளை இப்படி வெள்ளை அட்டையில் ஒட்டித்தான் வெளியே அனுப்பினார். சூட்டில் அழுத்தும் மெஷினை வாங்க முடியாத அமெச்சூர்கள் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியிலேயே வேலையை முடித்தார்கள்.

பெங்களூருக்கு ஒளிப்பட சலூன் (போட்டிக் கண்காட்சி) பைத்தியம் நிறைய உண்டு. டி.என்.ஏ. பெருமாள் இந்த ஊரில்தான் ஓ.சி. எட்வர்ட்ஸிடம் கற்றுக்கொண்டு, ஆந்தைகளையும் மற்ற பறவைகளையும் இரவில் காத்திருந்து எடுத்து, உலகம் முழுக்கப் பிரதிகள் அனுப்பினார். அவர் பெயரின் முதல் எழுத்தில் இருப்பது தஞ்சாவூர். 2017இல் காலமானார். 1971இல் தொடங்கிய யூத் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி இன்றும் சலூன் நடத்துகிறது. அந்தத் தலைமுறையின் சலூன் பிரதி ஒன்று கையில் கிடைத்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ஒரு பறவை. பின்பக்கம், அது போய்வந்த ஒவ்வொரு ஊரின் கண்காட்சிச் சீட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக: தேர்வானது, பரிசு பெற்றது, பெறாதது. படத்துக்கு ஒரு பாஸ்போர்ட் இருந்தது, அது முதுகில் இருந்தது.

இப்போது நாம் சுவரில் மாட்டுகிற படங்களில் பல இன்க்ஜெட். இருட்டறை இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. நிறமித் துகள்கள் கலந்த மை, பருத்தியில் செய்த தாள். ஜெர்மனியில் 1584 முதல் தாள் செய்துவரும் ஹானெம்யூலே நிறுவனத்தின் ஃபோட்டோ ராக் தாளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சதுர மீட்டருக்கு 308 கிராம் கனம். சுருளாது, துவளாது, தட்டினால் சத்தம் வரும். ட்ரைப்பின் ஆட்கள் இதைப் பார்த்திருந்தால் பசைக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒட்டுவதற்கான பழைய காரணம் தீர்ந்துபோனது. ஒளிப்படம் இப்போது தன் காலில் தானே நிற்கிறது. அப்படியிருந்தும் நாம் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பலகையில், சன்போர்டில், அலுமினியத்தில், அக்ரிலிக்கில்.

ஏன் என்று சிவாஜிநகரில் நான் போகும் ஒரு கண்ணாடிக் கடையில் கேட்டேன். ஃபிரேம் கடை என்று போர்டு இருந்தாலும் எங்கள் பக்கத்து ஆட்கள் அதைக் கண்ணாடிக் கடை என்றுதான் சொல்வார்கள். கடைக்காரர் ஆம்பூர்ப் பக்கத்து ஆள். வீட்டில் உருது, வாடிக்கையாளரிடம் கன்னடம், என்னிடம் தமிழ், பீடிங் கொண்டுவருகிற பையனிடம் மூன்றும் கலந்த ஒன்று.

“நான் என்னா சார் பண்ணுவேன்? பேப்பருக்கு எடம் உடு, தொங்க உடுன்னு நீங்க சொல்றீங்க. மழை வந்துச்சுன்னா கஸ்டமர் வந்து அப்பளம் மாதிரி ஆயிடுச்சுன்னு சண்டைக்கு நிக்கிறான். லைட்டு கீழ நின்னு, சைடுல சாஞ்சு பாக்கறான் சார். நேரா பாக்கமாட்டான்.”

“முன்னாடி யாரும் இப்படிக் கேட்கலையா பாய்?”

“எங்க வாப்பா காலத்துல படம் இருக்கா, மூஞ்சி தெரியுதா, அவ்ளோதான். இப்ப மட்டமா இருக்கணும். அந்தா அது மாதிரி.”

‘அந்தா’ என்று அவர் காட்டியது மேஜை மேல் கிடந்த என் கைபேசி.

பாய் சொன்னதில் விஷயம் முழுக்க இருக்கிறது. நாம் படம் பார்க்கப் பழகியது கண்ணாடித் திரையில். அங்கே படத்துக்கு மேடுபள்ளம் கிடையாது, ஓரம் கிடையாது, முதுகு கிடையாது. அதே கண்ணோடு தாளைப் பார்க்கிறவனுக்குத் தாள் தாளாக இருப்பதே குறையாகத் தெரிகிறது. அலை என்பது தாளின் நோய் என்று நினைத்துக்கொள்கிறான். மருந்து பசை.

தாள் அலைவது ஏன் என்று பார்க்கலாம். பெங்களூர்க்காரர்களுக்கு இந்த ஊர்த் தட்பவெப்பத்தைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறோம், சென்னை மாதிரி வேர்க்காது என்று. அது தோலுக்குச் சரி, தாளுக்குச் சரியல்ல. மார்ச் பிற்பகலில் இங்கே காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஆகஸ்ட் காலையில் 80ஐத் தாண்டும். தாளின் நார் ஈரத்தைக் குடித்தால் நீளத்தில் அதிகம் நீளாது, குறுக்கே பருக்கும். அதனால் தாள் ஒரு திசையில் மட்டும் கூடுதலாக விரியும். இன்க்ஜெட் தாளில் இன்னொரு சிக்கல்: மை பிடிக்கிற பூச்சு ஒருபக்கம்தான். பூச்சு ஒரு மாதிரி விரியும், அடித்தாள் வேறு மாதிரி விரியும். ரோலிலிருந்து வெட்டிய தாள் என்றால் சுருண்டு கிடந்த ஞாபகமும் சேர்ந்துகொள்ளும்.

இந்தத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? விரிகிறது, ஓரத்தில் போக இடமில்லை, நடுவில் எழும்புகிறது. அலையைத் தடுக்கத்தான் நான்கு பக்கமும் டேப் போட்டார்கள். அலையை உண்டாக்கியது அந்த டேப்தான். பெங்களூரில் ஆகஸ்டில் கண்ணாடிக் கடைகளுக்குத் திரும்பிவரும் ‘அப்பளங்கள்’ பலவற்றின் முதுகைப் பிரித்தால் இதுதான் இருக்கும். பழி மட்டும் தாளின் மேல்.

அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வழி எளிமையானது. கொஞ்சம் பொறுமை கேட்கிறது, அவ்வளவுதான். ஜப்பானிய மல்பெரித் தாளில் நுனிவிரல் அகலத்துக்கு இரண்டு மூன்று துண்டுகள் வேண்டும். கத்தரியால் வெட்டக்கூடாது. ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, கோட்டின் வழியே கையால் பிய்க்க வேண்டும். அப்போது விளிம்பில் நார் பிசிர்பிசிராக நிற்கும். வெட்டிய விளிம்பு முன்பக்கத்தில் ஒரு தழும்பாகத் தெரியும், பிசிர் தெரியாது. பசை, கோதுமையின் மாவுச்சத்தைக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து எடுப்பது. படத்தின் மேல்விளிம்பில் மட்டும், பின்பக்கத்தில், துண்டின் பாதியை ஒட்டுவார்கள். மீதிப் பாதி மேலே அட்டையில். அதன்மேல் குறுக்காக இன்னொரு துண்டு. ஒற்றுத்தாள் வைத்து, மேலே கனம் வைத்து, காயவிட்டு எடுத்தால் படம் மேல்விளிம்பில் தொங்கும். மற்ற மூன்று பக்கமும் சும்மா. மழைக்கு விரியும், கோடைக்கு ஒடுங்கும். முன்னால் ஒரு ஜன்னல் அட்டை. அதன் உள்விளிம்பு 45 டிகிரிச் சாய்வில் வெட்டப்பட்டிருக்கும். அந்த ஜன்னல் அட்டை அழகுக்கு மட்டுமல்ல. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காற்றுக்கு ஒரு இடைவெளி விடுவதே அதன் முதல் வேலை.

அந்தப் பிசிர் பிய்க்கும் வேலையை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தாள் பிரியும்போது கிழிகிற சத்தமே வரவில்லை. விட்டுக்கொடுப்பதுபோல்தான் பிரிந்தது. நாளைக்கு யாராவது இந்தப் படத்தை அட்டையிலிருந்து எடுக்க வேண்டும் என்றால், அதே ஈரத் தூரிகை போதும். மாவுப்பசை தண்ணீருக்கு இளகும். இந்த முறையின் முழு நியாயமும் அதில் இருக்கிறது: நமக்குப் பிறகு வருகிறவன் நம்மைவிட விவரம் தெரிந்தவனாக இருக்கலாம், அவனுக்கு வழி விடு.

நம் ஊர்ப் பைண்டர்களுக்கும் மாவுப்பசை தெரியும். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். புத்தகத்துக்கு அது சரி. மயில்துத்தம் தாமிர உப்பு. அதைப் படத்தின் முதுகில் பூசச் சொன்னால் எந்தப் பாதுகாப்பாளரும் ஓடிவந்து கையைப் பிடிப்பார். ஒளிப்படத்தைத் தொடும் அட்டையும் பசையும் படத்தைக் கெடுக்குமா என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 18916 என்று தனியாக ஒரு சோதனை முறையே உண்டு. வெள்ளைப் பசை, செல்லோ டேப், ரப்பர் சொல்யூஷன் எல்லாம் அந்த வாசலைத் தாண்டுமா என்று யாரும் கேட்பதில்லை, கடைகளில் அவைதான் ஓடுகின்றன.

தொங்கவிடும் முறை எல்லாத் தாளுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பளபளப்பான, பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளின் முதுகு மாவுப்பசையை ஏற்காது. அதற்கு நான்கு மூலையிலும் காகித உறை செய்து, படத்தை அதற்குள் செருகி வைக்க வேண்டும். பள்ளிக்கூட ஆல்பத்தில் செய்வோமே, அதேதான். இந்தத் தாளைச் சூட்டில் ஒட்டப் போனால் 100 டிகிரியை நெருங்கும்போதே பிளாஸ்டிக் கொப்புளிக்கத் தொடங்கிவிடும். இன்னொன்றும் செய்யும் இது. மை காய்ந்துவிட்டது என்று தொட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கே கண்ணாடி போட்டால், மையில் இருக்கும் மெதுவாய் ஆவியாகும் திரவங்கள் உள்ளே சிக்கிக்கொள்ளும். சில நாளில் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு மங்கல் படியும். உற்றுப் பார்த்தால் அந்த மங்கலுக்கு ஒரு வடிவம் இருக்கும். படத்தில் எங்கெல்லாம் கறுப்பு அதிகமோ, மை அதிகமோ, அங்கெல்லாம் மேலே கண்ணாடியில் மங்கல் அதிகம். படம் தன் நிழலைத் தானே கண்ணாடியில் எழுதுகிறது. கல்யாணப் படத்துக்கு இப்படி நடந்து, கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்ட வீடு ஒன்று எனக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்கப் படத்தின் மேல் சாதாரண வெள்ளைத் தாளை விரித்து வைத்திருந்தால் ஆவி அதில் போயிருக்கும்.

ஒட்டுகிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆறடி ஏழடிப் படத்தை மேல்விளிம்பில் தொங்கவிட்டால் அது படமல்ல, திரைச்சீலை. பெரிய அளவு வேண்டும் என்றால் முதுகுக்கு ஒரு பலகை தேவை. சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்த டியாசெக் முறையில் படத்தின் முகத்தையே அக்ரிலிக் கண்ணாடியோடு ஒட்டிவிடுவார்கள். காற்றிடைவெளி இல்லாததால் நிறம் ஈரமாக, ஆழமாகத் தெரியும். ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் ‘ரைன் 2’ அக்ரிலிக்கில் ஒட்டியது. 2011இல் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போனது. அதைப் பிரிக்க முடியாது. அக்ரிலிக்கில் ஒரு கீறல் விழுந்தால் படத்திலேயே விழுந்த மாதிரி. இதற்குக் கலைஞர்களும் அருங்காட்சியகங்களும் கண்டுபிடித்த சமாதானம், மறுபிரதி: பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

இன்க்ஜெட் விஷயத்தில் இந்தச் சமாதானத்தைத்தான் எல்லாரும் கையில் வைத்திருக்கிறார்கள். கெட்டால் என்ன, ஃபைல் இருக்கிறதே, இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். பார்க்கப்போனால் ரொம்பச் சரியாகப் படுகிற வாதம். இதை நான் நம்புவதில்லை. 2000ஆம் ஆண்டில் எப்சனின் ஸ்டைலஸ் ஃபோட்டோ 1270 பிரிண்டர் வந்தபோது படம் பல வருஷம் நிற்கும் என்று பேச்சாக இருந்தது. சில வீடுகளில் சில வாரங்களிலேயே படங்கள் ஆரஞ்சாக மாறிப்போயின. வெளிச்சம் காரணமில்லை. காற்றில் இருக்கும் ஓசோன் அந்தப் பளபளப்புத் தாளின் நுண்துளைகளுக்குள் நுழைந்து நீல மையைத் தின்றிருந்தது. கண்ணாடிக்குள் இருந்த படங்கள் தப்பித்தன. நிறுவனம் பிறகு தாளையும் மையையும் மாற்றிக்கொண்டது. அன்று போட்ட அதே படத்தை அதே ஃபைலிலிருந்து இன்று போட்டால் அது அதே படமாக இருக்காது. மை வேறு, தாள் வேறு, கறுப்பின் ஆழம் வேறு. ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட தாளில், இந்த அளவு இருட்டு போதும் என்று ஒருவர் எடுத்த முடிவுதான் பிரதி. ஃபைல் அந்த முடிவை எடுக்காது. ஹார்ட் டிஸ்க் செத்துப்போன வீடுகளில் மிஞ்சுவது சுவரில் மாட்டியதுதான் என்பதை வேறு தனியாகச் சொல்லவேண்டுமா?

கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் திறந்த கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகத்துக்கு (மேப் என்று எல்லாரும் சொல்வது) நான் போகும்போதெல்லாம் என் பார்வை படத்தைவிடப் படத்தின் ஓரத்தில் நின்றுவிடுகிறது. அருங்காட்சியகம் அபிஷேக் போத்தார் நிறுவியது. எதிரே கப்பன் பூங்கா, அக்கம்பக்கத்தில் பழைய அரசு அருங்காட்சியகமும் வெங்கடப்பா கேலரியும். வெளிப்புறம் முழுக்க எஃகுத் தகடு, தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கட்டியது. தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்று ஜோதி பட்டினுடையது. சுவரிலும் தரையிலும் பெண்கள் வரைந்து, மழைக்கும் காலுக்கும் கரைந்துபோகிற கோலங்களையும் சித்திரங்களையும் பல வருஷம் ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தவர். அங்கே வெளிச்சம் குறைவாக இருக்கிறது என்று பக்கத்தில் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். தாளில் இருக்கும் கலைக்கு 50 லக்ஸ் போதும் என்பது அருங்காட்சியகங்களின் பொதுவழக்கு. ஒரு படத்தின் ஜன்னல் அட்டைக்குள் தாளின் கீழ்விளிம்பு இம்மியளவு எழும்பி, அட்டையின் மேல் ஒரு மெல்லிய நிழல் விட்டிருந்தது. கைபேசியில் அதே படத்தைப் பார்த்தால் அந்த நிழல் கிடைக்காது. தாள் அங்கே இருக்கிறது, நாமும் அங்கே இருக்கிறோம் என்பதற்கு அந்த நிழல்தான் சாட்சி. அலை குறை இல்லை என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்.

இதற்கு நேர் எதிரான ஒரு மரபில் வளர்ந்தவன் நான், அதையும் விட்டுக்கொடுக்க மனமில்லை. நம் வீடுகளில் படம் சுவரோடு ஒட்டி நிற்காது. கதவுக்கு மேலே, கயிற்றில், தலை முன்னால் சாய்ந்து, கூடத்தில் இருப்பவர்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள முக்கோண இடத்தில் சிட்டுக்குருவி கூடு கட்டும். குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை அந்தப் படத்தை யாரும் துடைக்கக்கூடாது என்று பாட்டி உத்தரவு போட்டிருப்பாள். பல்லி நிரந்தரக் குடி. ராமபாணப் பூச்சி உள்ளே. கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வட்டவட்டமாக. உள்ளே படம் நேராகக் கண்ணாடியில் பட்டுக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு மழைக்காலத்தில் அது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தால் கன்னம் கண்ணாடியில் தங்கிவிடும். 1894இல் அச்சகம் தொடங்கிய ரவிவர்மாவின் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் எத்தனை வீடுகளில் ஜரிகையும் சம்கியும் ஒட்டிப் புடவை உடுத்தியிருக்கிறார்கள். அச்சிட்ட தாளின் மேல் எதையும் ஒட்டக் கூடாது என்கிற பாதுகாப்பாளருக்கு இதைப் பார்த்தால் நெஞ்சு வலி வரும். ஆனால் அந்தப் படங்களைச் சேகரிப்பில் சேர்க்கும்போது அருங்காட்சியகம் சம்கியைப் பிய்த்துவிட்டா வைக்கிறது? சம்கியோடுதான் வைக்கிறது. ஒட்டியதும் வரலாறாகிவிடுகிறது, போதுமான காலம் போனால்.

பழைய சட்டத்தின் முதுகைப் பிரித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பலகைக்கும் படத்துக்கும் நடுவில் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு நாளிதழை மடித்து வைத்திருப்பார். மட்டமான மரக்கூழ்த் தாள். அதன் அமிலம் இத்தனை வருஷமும் படத்தை முதுகிலிருந்து பழுப்பாக்கிக்கொண்டிருந்திருக்கும். படத்துக்கு அது விஷம். ஆனால் அதில் தேதி இருக்கும். தாத்தா இறந்தது எந்த வருஷம் என்று குடும்பத்தில் சண்டை வந்தால், கருமாதிக்குப் போட்ட சட்டத்தின் முதுகில் இருக்கும் அந்தப் பேப்பர்தான் தீர்ப்பு சொல்லும். பருத்தி அட்டையும் ஜப்பானியத் தாளும் வைத்துச் செய்த சட்டத்தில் இந்த வசதி இல்லை. அதற்காகத்தான் முதுகில் எழுதச் சொல்கிறேன். படத்தின் மேல் அல்ல, பின்னட்டையில், மென்மையான பென்சிலில்: யார், எங்கே, எப்போது எடுத்தது, எப்போது அச்சிட்டது, என்ன தாள், என்ன மை, எதால் ஒட்டியது. பால்பேனா கூடாது, அழுத்தினால் முன்பக்கம் கோடு எழும்பும். எதால் ஒட்டியது என்பதை யாரும் எழுதுவதில்லை. பின்னால் பிரிக்கப் போகிறவனுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு பாய் ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறார். தொங்கவிடுவதற்கு ஒரு ரேட், சன்போர்டில் முழுக்க ஒட்டுவதற்கு ஒரு ரேட். தொங்கவிடுவதற்குத்தான் விலை அதிகம், வேலையும் அதிகம். சாஃப்ட்வேர் கம்பெனிப் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம்: ஒட்டாததற்கு ஏன் கூடுதல் காசு? அவர் விளக்குவதை விட்டுவிட்டார். தொங்கவிடச் சொல்கிறவர்களின் பில்லில் மட்டும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி எழுதி, அதன்கீழ் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். மழைக்காலத்தில் அலை வரும், திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது.

“தமிழ்லயும் எழுதலாமே பாய்” என்றேன்.

“தமிழ் ஆளுங்க எல்லாம் ஒட்டிடுங்கன்றாங்க சார். நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு எதுக்கு, வாயாலயே சொல்லிட்டேனே.”